பெஞ்சில் ஒரு காலி இடம்: எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்கும் பழக்கத்தைப் பள்ளியில் கலை வழியே குறைக்க ஒரு முழு வழிகாட்டி

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று பள்ளிகளில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். மண்டை ஓடும் பாம்பும் வரைந்த போஸ்டர்கள், ‘உயிர்க்கொல்லி நோயை ஒழிப்போம்’ என்று ஒரு ஊர்வலம், பிறகு ஒரு நாடகம். ‘தப்பான வழி’யில் போனவன் கடைசிக் காட்சியில் இருமி இருமிச் சாகிறான். கைதட்டல், பரிசு, புகைப்படம். அந்தக் கூட்டத்தில் தினமும் வீட்டில் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரை சாப்பிடும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த நாள் அதற்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லியிருக்கும்: யாரிடமும் மூச்சு விடாதே.

பயமுறுத்தும் கலை ஒதுக்குதலைக் குறைக்காது, வளர்க்கும். தகவல் சொல்லும் கலையும் பாதி வேலைதான் செய்யும். ‘சேர்ந்து சாப்பிட்டால் பரவாது’ என்று தேர்வில் சரியாக எழுதிய மாணவனே மதியம் டிபன் பாக்ஸை நகர்த்தி வைப்பான். பக்கத்தில் ஒருவர் ஒதுக்கப்படும்போது தான் என்ன செய்வது என்பதை உடம்பால் ஒத்திகை பார்த்தவர்கள்தான் அந்த நேரத்தில் எதையாவது செய்வார்கள். இந்த வழிகாட்டி அந்த ஒத்திகையைப் பற்றியது. தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் 9 அல்லது 11ஆம் வகுப்பைச் சேர்ந்த 25 முதல் 30 மாணவர்கள், இரண்டு பீரியடு சேர்ந்த 80 நிமிட அமர்வுகள் 7, கடைசியில் பள்ளிக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சி என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி உண்டு. எச்.ஐ.வி. உள்ள மாணவரோ, அப்பா அம்மாவுக்கு எச்.ஐ.வி. உள்ள மாணவரோ இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு பயிற்சியையும் தயாரியுங்கள். அவர் யார் என்று தேடாதீர்கள். தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு விளையாட்டை நடத்தலாமா என்ற சந்தேகம் வந்தால், அதன் நடுவில் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து யோசியுங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் பேச்சைச் சரிசெய்தல்

பயிற்சி நடத்தும் ஆசிரியர்களும் கலைஞர்களும் மாணவர்களைச் சந்திப்பதற்கு முன் ஒரு மணி நேரம் சொற்களுக்கென்றே உட்கார வேண்டும். ‘உயிர்க்கொல்லி’, ‘ஆட்கொல்லி’ இரண்டையும் முதலில் தூக்கிப் போடுங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ முடியும் என்ற நிலையில் அந்தச் சொல் பொய். ‘எய்ட்ஸ் நோயாளி’ என்பதும் பெரும்பாலும் தவறான பிரயோகம். எச்.ஐ.வி. ஒரு வைரஸ், அது உடலில் இருக்கும் எல்லோருக்கும் எய்ட்ஸ் என்ற முற்றிய நிலை வருவதில்லை. ‘எச்.ஐ.வி. உள்ளவர்’, ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்பது போதும்.

கண்ணில் படாமல் தப்பித்துக்கொள்ளும் சொல் வேறு ஒன்று: ‘எந்தத் தவறும் செய்யாத அப்பாவிக் குழந்தைகள்’. நல்லெண்ணத்தோடு எழுதப்படும் நாடகங்களில் இந்த வரி தவறாமல் வரும். குழந்தை அப்பாவி என்றால் குற்றவாளி யார்? கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் அம்மா. தன் மேல் இரக்கம் வர வேண்டுமானால் அம்மாவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அந்த வரி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது. எப்படி வந்தது என்ற கதையே இந்த நிகழ்ச்சிக்குத் தேவையில்லை. பாத்திரத்துக்கு எச்.ஐ.வி. எங்கிருந்து வந்தது என்று நாடகத்தில் எங்கும் சொல்லாதீர்கள். மாணவர்கள் கேட்பார்கள். ‘அது தெரிஞ்சா பக்கத்துல உட்காருவியா மாட்டியாங்கிறது மாறுமா?’ என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து நல்ல விவாதம் ஒன்று பிறக்கும்.

கையில் இருக்க வேண்டிய உண்மைகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் செய்த பரிசோதனைகளில் அது தெரியவந்தது. அப்போது தக்க மருந்து இல்லை. மண்டை ஓட்டுப் போஸ்டர்கள் அந்தக் காலத்தின் எச்சம். 2004 ஏப்ரலிலிருந்து அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று தொற்று உறுதியானதும் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட மற்றவருக்குப் பரவாது. சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியான சிகிச்சையால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும். இந்தக் கடைசிச் செய்தி மாணவர்களை அசரவைக்கும். எச்.ஐ.வி. உள்ள அம்மாவுக்கு எச்.ஐ.வி. இல்லாத குழந்தை பிறக்கும் என்பதைப் பலரும் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுவார்கள்.

கொசுக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். ‘பரவாது’ என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள், காரணம் வேண்டும். கொசு கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் உமிழ்நீரை. முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. கொசுவின் வயிற்றுக்குள் போன எச்.ஐ.வி. பெருகாது, செரித்துப் போகும். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளரும், இது வளராது. அடுத்து விளையாட்டில் அடிபட்டு ரத்தம் வருவதைக் கேட்பார்கள். யாருடைய ரத்தமானாலும் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். ‘அவனுக்கு மட்டும் கையுறை’ என்பதுதான் ஒதுக்குதல்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதையும், பிரித்து உட்காரவைப்பதையும், சேர்க்கைக்குப் பரிசோதனை கேட்பதையும், சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்வதையும் அது தடைசெய்கிறது. மாணவர்களைவிடத் தலைமையாசிரியரிடம் பேசும்போதுதான் இது அதிகம் உதவும்.

அனுமதி, ஆட்கள், நாள்

நவம்பரில் தொடங்காதீர்கள். டிசம்பர் 1க்குள் எதையாவது மேடையேற்றும் அவசரத்தில் பழைய நாடகமே திரும்பி வரும். அதை ஒட்டி அரையாண்டுத் தேர்வும் வந்துவிடும். ஜூலை நடுவில் தொடங்கி வாரம் ஒரு அமர்வு வைத்தால், காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.

தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 15 நிமிடம் கேட்டு வாங்கி, பெற்றோருக்கு விளக்குங்கள். அங்கே ‘பாலியல் பாடம் எடுக்கப்போறீங்களா?’ என்ற கேள்வி நிச்சயம். இந்த அமர்வுகள் எதைப் பற்றியவை என்பதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது: கூடப் படிக்கிறவரை ஒதுக்காமல் இருப்பது, சரியான மருத்துவத் தகவல். பெற்றோர் ஒப்புதல் படிவம் முப்பது பேருக்கும் ஒரே மாதிரி போக வேண்டும். யாரையும் தனியாகத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியக்கூடாது. ஒரு முழு வகுப்புப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டு பேர் நடத்த வேண்டும். ஒருவர் அமர்வை நடத்துவார். மற்றவர் வாய் திறக்காமல் முகங்களைப் பார்ப்பார். பின்வரிசையில் திடீரென்று மௌனமாகிவிட்ட பிள்ளையைக் கவனிப்பது அவருடைய வேலை. இரண்டாம் அமர்வுக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தின் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர் வர வேண்டும். மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகிடம் மூன்று வாரம் முன்பே கேளுங்கள்.

முப்பது பேருக்குத் தேவையான பொருள்கள்: பிரவுன் ஷீட் 30, சார்ட் பேப்பர் 15, ஸ்கெட்ச் பேனா 6 செட், எட்டாக மடித்துக் கிழித்த வெள்ளைத்தாள் சீட்டுகள் 150, ஒரே நிறப் பேனா 30, மூடியில் வாய் வெட்டிய பழைய செருப்புப் பெட்டி 1, ஒட்டும் டேப் 2, மண் குடம் 1, ஜால்ரா 1 ஜோடி, தாளக்கட்டை 2 ஜோடி, பழைய புத்தகப்பை 1, நீள பெஞ்ச் 2. பேனா ஏன் ஒரே நிறத்தில்? அநாமதேயச் சீட்டு பச்சை மையில் இருந்தால், எழுதியவர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

அமர்வு 1: யார் சொன்னது?

முதல் பத்து நிமிடம் கேள்வித்தாள். ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘ஆம் / இல்லை / தெரியாது’ என்பதில் ஒரு டிக். எழுத்தே வேண்டாம், கையெழுத்து காட்டிக்கொடுக்கும். இரண்டை நாடு முழுவதும் நடக்கும் தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்தே எடுக்கலாம்: எச்.ஐ.வி. உள்ள கடைக்காரரிடம் காய்கறி வாங்குவீர்களா, எச்.ஐ.வி. உள்ள குழந்தைகள் மற்ற குழந்தைகளோடு படிக்கலாமா. மீதி நான்கு உங்கள் பள்ளிக்கு ஏற்றவை: பக்கத்தில் உட்காருவது, சேர்ந்து சாப்பிடுவது, வதந்தி வந்தால் அதை அடுத்தவரிடம் சொல்வது, ஒருவர் கிண்டல் செய்யப்பட்டால் குறுக்கே பேசுவது. முன்னும் பின்னும் தாளை ஒப்பிட ‘அம்மா பெயரின் முதல் எழுத்து’ போன்ற குறியீடு கேட்பது பலருடைய வழக்கம். அம்மாவை இழந்த பிள்ளைக்கு அது முள். தனித்தனியாகப் பொருத்த வேண்டாம், வகுப்பின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் போதும்.

பிறகு ஐந்து பேர் கொண்ட குழுக்கள். எச்.ஐ.வி. பற்றிக் கேள்விப்பட்டதை எல்லாம், சரியோ தவறோ, சீட்டுக்கு ஒன்றாக எழுதி பிரவுன் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் ஒரு கோடு இழுத்து ‘யார் சொன்னது?’ என்று எழுத வேண்டும்: சினிமா, அண்ணன், டீக்கடை, யூடியூப், பாடப்புத்தகம். பெயர் எழுதக்கூடாது, உறவும் இடமும் மட்டும். இன்று எதையும் திருத்தாதீர்கள். கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் முதல் நாளே ஆசிரியர் திருத்த ஆரம்பித்தால், அடுத்த வாரம் எல்லோரும் ‘சரியான’ விடையை மட்டுமே எழுதுவார்கள்.

தொற்று எப்படிப் பரவுகிறது என்று காட்டுவதற்காகப் பயிற்சிப் பட்டறைகளில் ஒரு விளையாட்டு உண்டு. எல்லோரும் கைகுலுக்குவார்கள், ரகசியமாக ஒருவர் உள்ளங்கையில் சுரண்டுவார், கடைசியில் யார் யாருக்கு ‘வந்துவிட்டது’ என்று அறிவிப்பார்கள். டம்ளர் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி நிறம் மாறுவதைக் காட்டுவது இதன் இன்னொரு வடிவம். இரண்டையும் செய்யாதீர்கள். கைகுலுக்கினால் பரவாது என்று வாய் சொல்லும்போது, கை குலுக்கினால் பரவும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. உடம்பு கற்றதுதான் நிலைக்கும்.

அமர்வு 2: கேள்விப் பெட்டி

எல்லோருக்கும் ஒரு சீட்டு, எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் ‘எனக்குக் கேள்வி எதுவும் இல்லை, நன்றி’ என்று எழுதட்டும். அப்போதுதான் யார் உண்மையில் எழுதினார்கள் என்பது தெரியாது. பெட்டியை ஆலோசகர் வாங்கி, ஐந்து நிமிடம் தனியாகப் பிரித்துப் படித்துவிட்டு வந்து பதில் சொல்வார். அப்படியே எடுத்து உரக்கப் படித்தால், ‘எங்க அப்பா இதுலதான் செத்தாரு, எனக்கும் இருக்குமா?’ என்ற சீட்டு வகுப்பின் நடுவில் வெடிக்கும். அதை ‘பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் இருக்குமா?’ என்று பொதுவாக்கிப் பதில் சொல்ல ஐந்து நிமிட அவகாசம் வேண்டும். முடிவில் கரும்பலகையில் இரண்டு எண்கள்: எச்.ஐ.வி. தகவலுக்கு 1097, குழந்தைகள் உதவிக்கு 1098.

அமர்வு 3: சிலைகள்

குழுவுக்கு ஐந்து பேர். பேச்சில்லை, அசைவில்லை. ‘ஒருவரை ஒதுக்கும்போது பெஞ்ச் எப்படி இருக்கும்?’ என்று கேட்டு ஒரு சிலைக் காட்சி. எச்.ஐ.வி. என்ற சொல்லே வர வேண்டாம். சாதி, நிறம், மார்க், புதிதாக வந்தவர் என்று எதை வேண்டுமானாலும் மனதில் வைத்துச் செய்யட்டும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு சிலையையும் மற்றவர்கள் சுற்றிவந்து பார்த்து, ‘இதில் யாருக்கு எதையாவது மாற்ற முடியும்?’ என்று ஒருவரைத் தொட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் விரல் போவது ஒதுக்குபவர் மேலும் அல்ல, ஒதுக்கப்படுபவர் மேலும் அல்ல. ஓரத்தில் நின்று பார்ப்பவர் மேல்தான். அந்த ஓரத்து ஆள்தான் இனி நாடகத்தின் கதாநாயகன்.

அமர்வு 4: உருவப்படம்

உடல் வரைபடம் என்ற முறை தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல உருவானது. தாளில் படுத்து, உடம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே தங்கள் கதையை வரைவார்கள். அங்கே அது பெரியவர்களின் சொந்த சாட்சியம். பள்ளியில் அப்படியே செய்தால் இரண்டு விதத்தில் கெடும்: மாணவியைப் படுக்கவைத்துக் கோடு இழுப்பது நம் வகுப்பறையில் சங்கடம், சொந்தக் கதையைக் கேட்பதோ ஆபத்து. நான்கு பிரவுன் ஷீட்டை ஒட்டி, ஒரு ஆளுயர உருவத்தை நீங்களே முன்கூட்டி வரைந்து கொண்டுபோங்கள். குழு ஒன்று சேர்ந்து ஒரு கற்பனை மாணவரை உருவாக்கட்டும். பிடித்த சாப்பாடு, பயப்படும் பாடம், சட்டைப்பையில் என்ன, யாரோடு சண்டை. முப்பது நிமிடம் கழித்து, உருவம் ஒரு ஆளாகிவிட்ட பிறகுதான் ‘இவர் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், அதை யாரிடமும் சொல்லவில்லை’ என்ற சீட்டைக் கொடுங்கள். சீட்டை எங்கே ஒட்டுவது என்று குழுவுக்குள் வாக்குவாதம் வரும். வரட்டும். நெஞ்சில் பெரிதாக ஒட்டும் குழுவும் உண்டு, சட்டைப்பையின் மூலையில் ஒட்டும் குழுவும் உண்டு. ஏன் அங்கே ஒட்டினீர்கள் என்பதே அன்றைய பேச்சு.

பெயர் வைப்பதில் கவனம் தேவை. பள்ளி முழுவதற்குமான வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அதில் இல்லாத பெயராக வையுங்கள். பக்கத்து ஊர்ப் பெயரும், ‘பாட்டி வீட்டில் வளர்கிறான்’ போன்ற அடையாளமும் வேண்டாம். அப்படி ஒரு பிள்ளை அந்தப் பள்ளியில் நிச்சயம் இருக்கும்.

அமர்வு 5: வில்லுப்பாட்டு

வில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. குடமும் ஜால்ராவும் தாளக்கட்டையும் போதும். தென்மாவட்டப் பள்ளியாக இருந்தால் ஊரில் ஒரு வில்லிசைக் கலைஞர் இருப்பார், அழையுங்கள். பிற ஊர்களில் கும்மியோ கானாவோ பிள்ளைகள் வாயில் எது இருக்கிறதோ அது. வில்லுப்பாட்டுக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு. தலைமைப் பாடகர் சொல்வதற்கெல்லாம் பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போடுவது மரபு. வதந்தியும் அப்படித்தான் வளர்கிறது. பாட்டின் முதல் பாதியில் எல்லாவற்றுக்கும் ‘ஆமா’. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் ஆமா போட மறுக்கிறார். பிறகு ஒவ்வொருவராக அவர் பக்கம் சேர்கிறார்கள்.

தலைவர்: ஒரே தட்டுல தின்னா ஒட்டிக்குமாமே!
பின்பாட்டு: ஆமா! ஆமா!
தலைவர்: ஒரே குழாயில குடிச்சாலும் தொத்திக்குமாமே!
பின்பாட்டு: ஆமா! ஆமா!
ஒருவர்: ஆமா, ஆமான்னா… யாரு பாத்தா? யாருக்கு ஒட்டுச்சு?

முதல் அமர்வின் ‘யார் சொன்னது’ தாள்களை எடுத்துக் கொடுத்தால், மாணவர்களே 40 நிமிடத்தில் பன்னிரண்டு, பதினாறு வரி கட்டிவிடுவார்கள். சினிமா மெட்டில் கட்டுவார்கள், தடுக்க வேண்டாம். வதந்தி வரிகளைவிடப் பதில் வரிகள் அதிகமாக இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் சுவரில் இருந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வியை இன்றும் பலர் சொல்வார்கள். கவர்ச்சியான வரிதான் நிற்கும். அந்தக் கவர்ச்சியை வதந்திக்குக் கொடுத்துவிட்டு, பதிலைப் பாடப்புத்தக நடையில் எழுதினால், மைதானத்தில் வதந்திதான் பாட்டாக ஓடும்.

அமர்வு 6, 7: கட்டியங்காரன் நடத்தும் நாடகம்

பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்த முறை ஒன்று உண்டு. சின்ன நாடகம் மோசமாக முடியும். பிறகு அதையே மறுபடி ஓட்டுவார்கள். பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து பார்ப்பார். நடத்துபவர் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்பார். நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை: கூத்தில் கட்டியங்காரன் செய்வது ஏறக்குறைய அதைத்தான். அந்த வேலையை ஒரு மாணவரோ மாணவியோ செய்யட்டும். அமைதியான நல்ல மாணவரைவிட, வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கியவர் பொருத்தம்.

நாடகம் ஏழு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. எச்.ஐ.வி. உள்ள மாணவராக யாரும் நடிக்கக்கூடாது. நடித்தால், ஒல்லியான பையனைத்தான் குழு தேர்ந்தெடுக்கும். அவன் இருமுவான், காலை இழுத்து நடப்பான். அடுத்த மாதம் முழுக்க அவனுக்கு அதுவே பட்டப்பெயர். மேடையில் ஒரு பெஞ்சும் அதில் ஒரு காலி இடமும் ஒரு புத்தகப்பையும் போதும். பையின் சொந்தக்காரர் பெயர் மாறன் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காட்சி (ஒன்றரை நிமிடம்): மதிய உணவு வட்டம். மாறன் இன்று வரவில்லை. அவனுக்கும் சேர்த்துப் பங்கு எடுத்து வைக்கிறார்கள். இரண்டாவது (2 நிமிடம்): ஒருவன் வருகிறான். ‘எங்க சித்தி ஆஸ்பத்திரில அவனைப் பாத்தாங்களாம்டா. எந்த ரூம்ல தெரியுமா?’ மூன்றாவது (2 நிமிடம்): எடுத்து வைத்த பங்கு குப்பைக்குப் போகிறது, ஒருவர் போனில் ஏதோ தட்டுகிறார், பெஞ்ச் அரை அடி நகர்கிறது. நான்காவது (ஒன்றரை நிமிடம்): மறுநாள். மணி அடிக்கிறது. மாறனின் பை பெஞ்சில் வைக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போகிறார்கள். மாறனின் நண்பன் வாயைத் திறக்கிறான், ஒன்றும் சொல்லவில்லை, மூடிக்கொள்கிறான். அப்படியே உறைகிறார்கள்.

கட்டியங்காரன் கேட்கிறார்: ‘எந்த இடத்துல நிறுத்தியிருக்கலாம்?’ நாடகம் மறுபடி ஓடுகிறது. கூட்டத்திலிருந்து வருபவர் நண்பனின் இடத்தை மட்டுமே எடுக்கலாம். வதந்தி பரப்பியவனை மாற்றினால் ‘அவன் நல்லவனாகிவிட்டான்’ என்று கதை மாயமாக முடிந்துவிடும். நிஜத்தில் அந்தச் சாவி யாரிடமும் இல்லை. மாறனை மேடைக்குக் கொண்டுவந்து தைரியமாகப் பேசவைத்தால், ஒதுக்கப்படுபவர்தான் சரிசெய்ய வேண்டும் என்றாகிவிடும்.

நடிப்பவர்களுக்கு ஒரு கட்டளை: புதிதாக வருபவர் சொல்வதை முதல் இரண்டு முறை ஏற்காதீர்கள். மூன்றாம் முறை, சொன்னது உண்மையில் உங்களை அசைத்தால் மட்டும் இறங்குங்கள். உடனே ஒத்துக்கொண்டால் கூட்டம் சிரிக்கும். எதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தவர் மேடையேற மாட்டார். முப்பது நிமிடத்தில் நான்கு பேர் முயன்றால் நல்ல நிகழ்ச்சி.

ஒத்திகையின் பெரும்பகுதியை அந்த நான்கு பேர் என்ன செய்வார்கள் என்பதற்குக் கட்டியங்காரரைத் தயார்செய்வதில் செலவிடுங்கள். வழக்கமாக வருபவை இவை.

‘டேய், அவனுக்கு அதெல்லாம் இல்லடா, பொய்!’ அதிகம் வருவது இதுதான், மிக நல்லவர்களிடமிருந்து வருவதும் இதுதான். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ‘இருந்தால் ஒதுக்குவது சரி’ என்று இது ஒத்துக்கொள்கிறது. கட்டியங்காரர் தவறாமல் கேட்க வேண்டும்: ‘சரி, நிஜமாவே இருந்துச்சுன்னா?’ அரங்கம் அமைதியாகும் இடம் அது. அந்த அமைதியை உடனே நிரப்பாமல் பத்து எண்ணும்வரை விட்டுவைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

‘அவனையே கேட்டுடலாம்.’ நேர்மையாகத் தோன்றும், ஆனால் சொல்லாமலிருப்பது மாறனின் உரிமை. ‘கேட்டா அவன் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கிற?’ என்பது நல்ல மறுகேள்வி. ‘பாவம்டா அவன்’ என்று கண்ணீர் விடுபவரிடம், ‘உன்னைப் பாத்து எல்லாரும் பாவம்னா உனக்கு எப்படி இருக்கும்?’ அடிக்கப் பாய்பவரை நிறுத்தி, மறுநாள் பெஞ்ச் நிரம்புமா என்று கேட்டால் போதும். டீச்சரிடம் சொல்வேன் என்றால், எந்த டீச்சர், என்ன வார்த்தையில் என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஆசிரியர்களும் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள்.

பேசாமல் ஒருவர் வந்து பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதும் நடக்கும். அதற்கு விளக்கம் கேட்காதீர்கள்.

யாராவது சொல்லிவிட்டால்

நடுவில் ஒரு பிள்ளை ‘எங்க அம்மாவுக்கு இருக்கு’ என்று சொல்லலாம். அதிர்ச்சியோ இரக்கமோ முகத்தில் காட்டாமல் ‘நன்றி, நாம அப்புறம் பேசுவோம்’ என்று ஒரே வரியில் ஏற்று, அடுத்த ஒரு நிமிடத்துக்குள் எல்லோரையும் எழுப்பி வேறு பயிற்சிக்கு மாற்றுங்கள். இரண்டாவது நபர் அமர்வு முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்: ஆலோசகரைப் பார்க்க விருப்பமா என்று கேட்பார், வற்புறுத்த மாட்டார். தலைமையாசிரியர் உட்பட யாரிடமும் சம்மதமில்லாமல் சொல்லக்கூடாது. ‘இங்கே பேசியது இங்கேயே இருக்கும்’ என்று முதல் நாள் உறுதி கொடுக்காதீர்கள். முப்பது பேர் அறையில் அதை யாராலும் காப்பாற்ற முடியாது. ‘இங்கே யாரும் தன் சொந்த விஷயத்தையோ வீட்டு விஷயத்தையோ சொல்ல வேண்டியதில்லை, கதைகளைப் பற்றி மட்டும் பேசுவோம்’ என்பதே பாதுகாப்பான தொடக்கம்.

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெரியவர் ஒருவர் நேரில் வந்து பேசுவதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. நாடகம் திறந்த கதவு வழியே அவர் உள்ளே வரலாம். அதனால் கடைசியில் வையுங்கள். 1998இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் (எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் அமைப்பு) போன்ற அமைப்புகளும் எச்.ஐ.வி. உள்ளோர் மாவட்டக் கூட்டமைப்புகளும் பேசிப் பழகியவர்களை அனுப்பும். அதே வட்டாரத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டாம். பயணப்படியும் மதிப்பூதியமும் கொடுங்கள், புகைப்படம் எடுக்காதீர்கள். ‘எப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

6 முதல் 8ஆம் வகுப்புக்கு இவ்வளவும் தேவையில்லை, கைப்பொம்மைகள் போதும். தென்னாப்பிரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான டகலானி செசமியில் 2002இல் காமி என்ற எச்.ஐ.வி. உள்ள பொம்மை வந்தது. அது விளையாடும், கேள்வி கேட்கும், குறும்பு செய்யும். உங்கள் பொம்மையும் அப்படியே இருக்கட்டும், படுக்கையில் கிடக்க வேண்டாம்.

போஸ்டர் போட்டி நடத்தியே தீர வேண்டும் என்று பள்ளி கேட்டால், இரண்டு நிபந்தனை போதும்: மண்டை ஓடு, பாம்பு, ஊசி, சிலந்தி, சவப்பெட்டி கூடாது, ஒவ்வொரு படத்திலும் குறைந்தது இரண்டு மனிதர்கள் சேர்ந்து ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். சிவப்பு ரிப்பன் வரையலாம். அது 1991இல் நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கிய ஆதரவுச் சின்னம். அபாயக் குறி அல்ல என்று சொல்லிக்கொடுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பிறகு

இரண்டு வாரம் கழித்து அதே ஆறு கேள்விகள். மறுநாளே கேட்டால், உங்களை மகிழ்விப்பதற்கான விடைகள் வரும். கடைக்காரர், சேர்ந்து படிப்பது பற்றிய இரண்டு கேள்விகளும் ஏறி, ‘சேர்ந்து சாப்பிடுவேன்’ மட்டும் அப்படியே நின்றால், இரண்டாம் அமர்வு வேலை செய்திருக்கிறது, ஆறாம் அமர்வு செய்யவில்லை என்று பொருள். நாடகத்தை இன்னொரு முறை, வேறு காட்சியோடு நடத்துங்கள். வதந்திக் கேள்வியைத் தவிர மற்றவற்றில் ‘தெரியாது’ குறைந்து ‘இல்லை’ கூடியிருந்தால், எங்கோ பயம் உள்ளே போயிருக்கிறது. பாட்டின் வரிகளையும் போஸ்டர்களையும் மறுபடி படித்துப் பாருங்கள்.

ஆசிரியர் அறைக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாதம் ஒருநாள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் பிள்ளையிடம் ‘எதுக்கு லீவு?’ என்று வகுப்பின் நடுவில் கேட்கக்கூடாது. பதிவேட்டில் ‘மருத்துவம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எந்த மாத்திரையானாலும், யார் சாப்பிட்டாலும், ‘என்ன மாத்திரை அது?’ என்று கேட்காத பழக்கம் ஆசிரியர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

‘யார் சொன்னது’ தாள்களையும் கேள்விப் பெட்டிச் சீட்டுகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டதும் கிழித்துவிடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உருவப்படங்களை மாணவர்கள் வகுப்புச் சுவரில் ஒட்டக் கேட்பார்கள். ஒட்டலாம், மாத்திரைச் சீட்டை எடுத்துவிட்டு.